புயலன்று பதினான்கு மைல்

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றைக்கும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. வாடகை சைக்கிள் எடுத்தவர் பெயரையும் எடுத்த நேரத்தையும் நோட்டில் கிறுக்கிக் கிறுக்கியே பழகிய கை இது. பிழைகளைப் பிரதி எடுக்கும் தம்பிகள் திருத்திக்கொள்ளவும்.

எங்கள் விளாங்குடி வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். போன இதழில் ஒருவர் காசிக்குப் போனதை எழுதியிருந்தார். அதற்கு முந்தின இதழில் சிங்கப்பூர் வந்தது. நான் அவ்வளவு தூரம் போனதில்லை. நான் போனது பதினான்கு மைல். விளாங்குடியிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் பதினொன்றரை மைல், பிறகு வடக்கே சிறுமலை அடிவாரத்தைப் பார்த்து வண்டிப்பாதையில் இரண்டரை மைல். மற்ற நாளில் பஸ்ஸும் நடையுமாக ஒன்றரை மணி நேரம் ஆகும். 1977-ஆம் வருடம் ஐப்பசி மாதம், தீபாவளி முடிந்து இரண்டாம் நாள், அந்தப் பதினான்கு மைல் போக எனக்கு ஏழரை மணி நேரம் ஆனது. திரும்பி வீடு வந்து சேர நான்கு நாள் ஆனது.

நான் போன ஊரின் பெயரைப் போடவில்லை. அங்கே என் சம்பந்தி இருக்கிறார். இதை அவரும் படிக்கக்கூடும்.

என் ஒரே மகள் செல்வியை அந்த ஊரில் கட்டிக்கொடுத்திருந்தேன். மருமகன் பட்டாளத்தில் இருந்தார். செல்விக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர, தீபாவளிக்கு முந்தின வாரமே ஒரு நடை போனேன். "தேய்பிறையில மருமகள அனுப்ப மாட்டோம் சம்மந்தி, அமாவாசை கழியட்டும்" என்றார் சம்பந்தி. நான் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி வீட்டில் மறுபேச்சுப் பேசக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படி ஒரு வழக்கம் இல்லாவிட்டாலும் நான் பேசியிருக்க மாட்டேன். நான்கு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு எழாது. ஒரு மணி நேரத்துக்கு எடுத்த சைக்கிளை மறுநாள் கொண்டுவந்து சாத்துகிறவனிடம்கூட நான் ஏன் என்று கேட்டதில்லை.

சனிக்கிழமை, காலை ஆறு மணி.

வெள்ளிக்கிழமை பிடித்த மழை விடவே இல்லை. நாகப்பட்டினம் பக்கம் புயல் கரை கடக்கிறது என்று டீக்கடை ரேடியோ சொன்னது. நாகப்பட்டினம் எங்கே, மதுரை எங்கே! புயல் என்பது கடற்கரைக்காரர்களுடைய சமாசாரம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். விடிந்து பார்த்தால் என் சைக்கிள் கடையின் கூரைத் தகரம் ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு வேப்பமரத்தில், துணி காயப்போட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் அது டமடமவென்று சத்தம் போட்டது.

என் மனைவி பாண்டியம்மாள் நாள் பார்க்காமல் வீட்டில் ஒரு ஆணி அடிக்க விடாதவள். அன்று அமாவாசைக்கு மறுநாள், பாட்டிமை. யாரும் எதற்கும் கிளம்பாத நாள். அதோடு சனிக்கிழமை. அவளே குடையை எடுத்து என் கையில் திணித்தாள்.

"ஏங்க, கிளம்புங்க. நாள் பாத்து நாள் பாத்துத்தான் பிள்ளை அங்க கண்மாய்க்கரைக்குக் கீழ கெடக்கு."

"இன்னைக்கு அனுப்ப மாட்டாகளே."

"வாயத் தொறந்து கேட்டா அனுப்புவாக. கேக்கணும்ல?"

அவள் சொன்னது சரிதான். சம்பந்தியின் வீடு கண்மாய்க் கரையை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. வீட்டின் கொல்லைக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்குக் கரை, கரைக்கு அந்தப்பக்கம் முழுக்கத் தண்ணீர். வழியெல்லாம் என் கண்முன் நின்றது அந்தக் கொல்லைதான்.

ஏழரை மணிக்கு வாடிப்பட்டி பஸ் வந்தது. டிக்கெட் அறுபத்தைந்து காசு. பரவை தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. சமயநல்லூரை நெருங்கியதும் பஸ் நின்றுவிட்டது. எழுந்து பார்த்தேன். முன்னால் ரோடு இல்லை. செங்காவி நிறத்தில் தண்ணீர் வடக்கிலிருந்து தெற்கே, வைகையைப் பார்த்து, ரோட்டைக் குறுக்கே அடித்துக்கொண்டு போனது.

"எல்லாரும் எறங்குங்க" என்றார் கண்டக்டர். "எங்க பஸ்ஸுக்கு நீச்சல் தெரியாது."

வெற்றிலைக் கூடையோடு இருந்த ஒரு அம்மாள் விடவில்லை. "வாடிப்பட்டிக்குல்ல காசு குடுத்தேன்? பாதியில எறக்குனா எப்பிடி?"

"ஆத்தா, நீ குடுத்தது ரோட்டுல போறதுக்கு. ரோடு எங்க இருக்குன்னு காட்டு, இப்பவே போறேன்."

அந்த அம்மாளும் சிரித்துவிட்டாள். இறங்கினோம். தண்ணீரின் ஓரத்தில் ஒரு கூட்டம் வேட்டியை விரித்து மீன் பிடித்துக்கொண்டிருந்தது. தார் ரோட்டில் கெண்டை மீன் துள்ளுவதை அன்றுதான் பார்த்தேன். ஒன்று என் செருப்பின் மேலேயே விழுந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, மகளை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்திலேயே எனக்கு உள்ளுக்குள் ஒரு குதியாட்டம். நாற்பத்தெட்டு வயதில் மீன் காலில் மிதிபடும் ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்குள்ளேயே உட்கார்ந்து பஞ்சர் ஒட்டியவனுக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எட்டே முக்காலுக்குப் பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"யா அல்லா, சைக்கிள் கடை அண்ணனா! இந்த மழையில எங்கண்ணே?"

கோரிப்பாளையத்து டிரைவர் இப்ராகிம் பாய். என்னிடம்தான் டியூப் ஒட்டிக்கொள்வார். நான் விஷயத்தைச் சொன்னதும் கதவைத் திறந்தார். "ஏறுங்க. லாரி கொஞ்சம் ஒசரம். போற வரைக்கும் போவோம்."

லாரியில் தூத்துக்குடி உப்பு, திண்டுக்கல்லுக்குப் போகிறது. தார்ப்பாய் கிழிந்து உப்பெல்லாம் நனைந்து பின்னால் வெள்ளையாக ஒழுகிக்கொண்டே வந்தது.

"ஏத்தும்போது வண்டி முக்குச்சு அண்ணே. இப்பப் பாருங்க, பறக்குது. திண்டுக்கல் போய்ச் சேரும்போது வெறும் சாக்குதான் இருக்கும்."

"மொதலாளி வைய மாட்டாரா பாய்?"

"வையட்டும். கடல்ல எடுத்த உப்பு. கடலே நேர்ல வந்து கேட்டுச்சு, குடுத்துட்டேன்னு சொல்லிக்கிறேன்."

தண்ணீருக்குள் ரோடு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது. இரண்டு பக்கமும் புளியமர வரிசை. அதற்கு நடுவில் எது இருக்கிறதோ அதுதான் ரோடு. ஆனால் பல மரங்கள் சாய்ந்து கிடந்தன. அந்த இடங்களில் நான் இறங்கி, ஒரு கொம்பால் தட்டித் தட்டி முன்னால் நடந்தேன், லாரி என் பின்னால் யானை மாதிரி மெதுவாக வந்தது. ஒரு இடத்தில் கொம்பு தரையைத் தொடவே இல்லை. கையைத் தூக்கினேன். பாய் பிரேக் போட்டார். ரோட்டில் பாதியைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருந்தது. மீதிப் பாதியில் லாரியின் இடப்பக்கச் சக்கரம் விளிம்பில் உருண்டு தாண்டியதை மூச்சு விடாமல் பார்த்தேன். தாண்டியதும் பாய் ஹாரனை விடாமல் அடித்தார். நானும் தண்ணீருக்குள் நின்று கை தட்டினேன். யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே வரவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு வண்டிப்பாதை பிரியும் இடம். பாய் சீட்டுக்குப் பின்னாலிருந்து இரண்டு பழைய லாரி டியூப்களை எடுத்தார். இரண்டும் நான் ஒட்டியவைதான். காற்றடித்து என் இரண்டு தோளிலும் மாட்டிவிட்டார்.

"கொண்டு போங்க. நெறமாசப் பிள்ளை இருக்கிற எடம். தண்ணியில விழுந்தா டியூப்பப் புடிங்க, குடையப் புடிக்காதீங்க."

எனக்கு நீச்சல் தெரியாது என்பதை அவரிடம் சொல்ல வெட்கப்பட்டேன். லாரி உப்பை ஒழுகவிட்டுக்கொண்டே போய்விட்டது.

அந்த இரண்டரை மைல் இன்றும் எனக்குப் பாதம் பாதமாக ஞாபகம் இருக்கிறது. வேலி முள்செடிகள் முழுக்கப் பாம்புகள் ஏறிச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் என்னைப் பற்றிக் கவலை இல்லை. பாதி வழியில் ஒரு ஓடை. கோடையில் மணல் பறக்கும் ஓடை. அன்று அது என்னை இடுப்பைப் பிடித்து இழுத்தது, பிறகு கால் தரையை விட்டது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு டியூப்களையும் கட்டிப்பிடித்தேன். திறந்தபோது மிதந்துகொண்டிருந்தேன். தண்ணீர் என்னைச் சாய்வாகக் கொண்டுபோய் எதிர்க்கரையில் ஒரு கருவேலமரத்தில் சாத்தியது. குடை போய்விட்டது. நான் இருந்தேன். உரக்கச் சிரித்தேன்.

எதிரே ஒரு ஆள் தோளில் வெள்ளாட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அண்ணே, ஊரு நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"ஊருக்கென்ன, திருவிழாவா இருக்கு. ஏழு வருசம் கழிச்சு கண்மாய் நெறைஞ்சு நிக்குது."

"அப்ப நீங்க ஏன் போறீக?"

"ஆடு நேத்துலருந்து கத்திக்கிட்டே இருக்குய்யா. அதான் கிளம்பிட்டேன்."

மூன்று மணிக்கு ஊருக்குள் நுழைந்தேன். அவர் சொன்னது உண்மைதான். கண்மாய்க் கரையில் மேளம் அடித்தது. மழையிலேயே பந்தல் போட்டு, கரைச் சாமிக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் பெரியாறு கால்வாய்க்கு மேட்டுப்பக்கம். கால்வாய்த் தண்ணீர் ஏறாது. கண்மாய் நிரம்பினால்தான் சோறு. அவர்களுடைய சந்தோஷத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

தோளில் இரண்டு டியூப்போடு சேறு வழிய வாசலில் நின்ற என்னைப் பார்த்து சம்பந்தி வீடே சிரித்தது. "என்ன சம்மந்தி, லாரிய எங்க விட்டீக?" என்றார் சம்பந்தி. வேட்டி கொடுத்தார்கள், காபி கொடுத்தார்கள், தட்டு நிறைய அதிரசம் வைத்தார்கள். செல்வி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு முன்னைவிட இறங்கியிருந்தது.

"பிள்ளையக் கூட்டிட்டுப் போகலாம்னு..." என்று இழுத்தேன்.

"சனிக்கிழமை நெறமாசக்காரிய யாராவது அனுப்புவாகளா? புதன்கிழமை நல்ல நாளு, பாப்போம்" என்றார்.

நான் தலையாட்டினேன். இன்னொரு அதிரசத்தை எடுத்துக்கொண்டேன்.

சம்பந்தி கரைக்குப் போனதும் செல்வி என்னைச் சமையல்கட்டுக்கு அழைத்துப் போனாள். "அப்பா, அடுப்பப் பாருங்க." அடுப்புக்குள் சாம்பல் கூழாகக் கிடந்தது. கூரை ஒழுகவில்லை. தண்ணீர் தரையிலிருந்து ஊறிக்கொண்டிருந்தது. "நேத்து ராத்திரியிலருந்து இப்பிடித்தான்பா. மாமாகிட்டச் சொன்னா, கண்மாய் நெறைஞ்சா ஊறத்தான் செய்யும்ங்கிறாக."

கொல்லைக்குப் போய்க் கரையின் அடியைப் பார்த்தேன். ஒரு இடத்தில், எருக்கஞ்செடிக்குப் பக்கத்தில், தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. டியூப்பைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி எந்த இடத்தில் குமிழி வருகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. குமிழி தெளிவாக வந்தால் சின்ன ஓட்டை. இது கலங்கலாக, மண்ணோடு வந்தது. ஓட்டை உள்ளே பெரிதாகிக்கொண்டிருந்தது.

கரைக்கு ஓடினேன். கண்மாயைத் தெரியாதவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கண்மாய் நிரம்பி வழிய ஒரு இடம் கட்டியிருப்பார்கள். அதற்குக் கலுங்கு என்று பெயர், அதில் வழிந்து ஓடும் தண்ணீருக்கு மறுகால் என்று பெயர். கலுங்கின் மேல் வரிசையாகக் கல் தூண்கள் நட்டிருக்கும். கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் நிறுத்த வேண்டுமானால் தூண்களுக்கு நடுவே பனைமட்டை வைத்துக் களிமண்ணால் அடைப்பார்கள். மழை வலுத்தால் பிடுங்கிவிடுவார்கள். அது தலைமுறையாக நடப்பது. ஏழு வருடம் காய்ந்த வயிற்றெரிச்சலில் இந்த ஊர்க்காரர்கள் அந்தக் கோடையில் ஒரு காரியம் செய்திருந்தார்கள். மட்டைக்குப் பதிலாகச் செங்கல் வைத்துச் சிமெண்டு பூசிவிட்டார்கள். ஒரு சொட்டுப் போகாது என்று முன்னால் நின்று கட்டியவர் என் சம்பந்தி.

நான் போனபோது தண்ணீர் கரையின் மேல்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நின்றது. அலை அடித்து என் காலை நனைத்தது. செங்கல் சுவருக்கு மேலே மெல்லிசாக வழிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். கண்மாய்க்குத் தண்ணீர் பார்க்கும் சின்னச்சாமி கடப்பாரையோடு சம்பந்தியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நாலு செங்கல்லு எடுத்துட்டுப் பாப்போம்ணே."

"நாலு எடுத்தா நாப்பது போகும். ஏழு வருசத் தவம்டா இது. மழை விட்டுரும்."

"விடலேன்னா?"

"நீ ஒருத்தன்தான் பயப்படுற. வேற யாராச்சும் சொல்றாகளா பாரு."

சம்பந்தி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும் தரையைப் பார்த்தேன். பிறகு கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். செல்வி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குமிழி விட்ட இடத்தில் சாம்பலைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒடைங்கய்யா!"

மேளம் நின்றுவிட்டது. யார் கத்தியது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் என் தொண்டை எரிவது தெரிந்தது. அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை.

"சம்மந்தி, ஒடைங்க! கரைக்குக் கீழ மண்ணோட ஊத்தெடுக்குது, நான் கண்ணால பாத்துட்டு வாரேன். என் மக கீழ கெடக்கா. உங்க பேரப்பிள்ளை கீழ கெடக்கு. நெல்லு அடுத்த வருசம் வெளையும். அது வெளையுமா? சொல்லுங்க, வெளையுமா?"

அந்த ஊரில் பெண்ணைக் கொடுத்தவன் ஒருவன் அப்படிப் பேசியதை யாரும் பார்த்ததில்லை. சம்பந்தியின் முகம் கறுத்தது. அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சின்னச்சாமியிடம் கையை நீட்டினார். "குடுறா இங்க" என்று கடப்பாரையை வாங்கினார். இரண்டு பேர் அவருடைய இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்துக்கொள்ள, கலுங்கில் இறங்கி, தான் வைத்த செங்கல்லைத் தானே குத்தினார்.

நான்காவது குத்தில் முதல் கல் பிடுங்கிக்கொண்டது. அப்புறம் எண்ண நேரமில்லை. சுவர் அப்படியே சரிந்தது. தண்ணீர் எழும்பிய சத்தத்தை எழுதத் தெரியவில்லை. ரயில் பாலத்துக்கு அடியில் நின்றிருக்கிறீர்களா, அப்படி. சம்பந்தியைக் கயிற்றோடு இழுத்து மேலே போட்டார்கள். கூட்டம் ஓவென்று கத்தியது, நானும் கத்தினேன். ஆனால் சம்பந்தி கத்தவில்லை. தண்ணீர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மறுகால் போற வழியிலதான் அவரு வயக்காடு" என்று சின்னச்சாமி என் காதருகே சொன்னார். "மூணு ஏக்கர். கெணத்துத் தண்ணியிலயே வளத்த பயிரு, கதிர் வர இருபது நாளுதான் இருந்துச்சு."

எனக்கு அது வரை தெரியாது. தெரிந்திருந்தால் கத்தியிருப்பேனா என்று இன்றுவரை யோசிக்கிறேன். கத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இருட்டுவதற்குள் கரையில் தண்ணீர் இரண்டு முழம் இறங்கியது. ஊற்றெடுத்த இடத்தில் வைக்கோலும் மண்மூட்டையும் போட்டு அடைத்தார்கள். பள்ளத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் தங்கினோம். கரை நின்றது. ஊர் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி.

மழை விட்டிருந்தது. செல்விக்கு இடுப்பில் வலி. ஊர் மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "பொய்வலியோ மெய்வலியோ, என்னால சொல்ல முடியல. வாடிப்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றாள். ஆனால் வண்டிப்பாதையை மறுகால் அறுத்துக்கொண்டு போயிருந்தது. ரோட்டுப் பக்கம் போக ஒரே வழி, முழுகிக் கிடந்த வயல்களுக்கு மேலே போவதுதான்.

சம்பந்தி வீட்டு நெல் அவிக்கும் பெரிய அண்டாவைச் சின்னச்சாமி உருட்டிக்கொண்டு வந்தார். என் இரண்டு டியூப்களையும் இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டினோம். அடியில் வைக்கோல், அதன் மேல் சமுக்காளம்.

"என்னப்பா, என்னைய அவிக்கப் போறீகளா?" என்றாள் செல்வி. வலியிலும் அவளுக்கு வாய் போகவில்லை. அவள் அம்மாவைப் போல.

சம்பந்தி முந்தின சாயங்காலத்திலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அண்டாவின் வலப்பக்கம் வந்து நின்றார். நான் இடப்பக்கம். சின்னச்சாமி முன்னால் கயிறு. அண்டா ஒரு ஆட்டு ஆடி மிதந்தது. செல்வி இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் மார்பளவு. கண்ணுக்கெட்டிய வரை ஒரே காவித் தண்ணீர். தெற்கே தூரத்தில் ரோட்டுப் புளியமரங்கள். வடக்கே சிறுமலை கழுவி வைத்த மாதிரி பச்சையாக, அதன் மேல் வெள்ளையாக ஐந்தாறு அருவிகள். வேறு ஒரு நாளாக இருந்தால் நின்று பார்த்திருப்பேன். ஒரு பர்லாங் போவதற்குள் என் பக்கத்து டியூப்பில் புஸ் என்று சத்தம். நான் ஒட்டிய ஒட்டு பிரிந்துகொண்டிருந்தது! கட்டைவிரலை வைத்து அமுக்கினேன். சத்தம் நின்றது. விரலை எடுத்தால் மறுபடியும் புஸ். அப்புறம் விரலை எடுக்கவே இல்லை.

நீச்சல் தெரியாதவன், ஒற்றைக் கையால் தள்ளுகிறவன், எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று கேட்பீர்கள். சம்பந்தியால்தான் போய்ச் சேர்ந்தேன்.

"வரப்பு வருது. காலைத் தூக்குங்க" என்றார் திடீரென்று.

தூக்கினேன். காலுக்கு வரப்பு தட்டுப்பட்டது.

"ரெண்டாவது வயலு. இது கொஞ்சம் பள்ளம். கழுத்து வரைக்கும் வரும், பயப்படாதீக."

வந்தது.

"இடப்பக்கம் கெணறு இருக்கு. என் பக்கம் ஒதுங்குங்க. இன்னும். இன்னும். ம், போதும்."

தண்ணீருக்கு மேலே ஒன்றுமே தெரியாது. அவர் கீழே குனிந்து பார்க்கவும் இல்லை, நேராகப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வரப்பும் எங்கே வரும், வாய்க்கால் எங்கே குறுக்கிடும் என்று வாயால் சொல்லிக்கொண்டே வந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நாங்கள் போய்க்கொண்டிருந்தது அவருடைய மூன்று ஏக்கருக்கு மேலே. காலுக்கடியில் நெற்பயிர் என் கணுக்காலைத் தடவியது. சில இடத்தில் நின்றது, சில இடத்தில் படுத்துக் கிடந்தது, சில இடத்தில் வெறும் மணல்தான் மிதிபட்டது. மணல் மிதிபட்ட இடங்களில் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"சம்மந்தி..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாம தள்ளுங்க. வாய்க்கா வருது."

ஒன்பதே காலுக்கு ரோட்டு மேட்டில் கால் வைத்தோம். அங்கே நின்ற ஒரு டிராக்டரில் வைக்கோல் பரப்பிச் செல்வியைப் படுக்கவைத்தோம். வாடிப்பட்டிக்கு அரை மைல்தான். என் கட்டைவிரல் வளைந்தபடியே இருந்தது, நிமிர்த்த அரை மணி நேரம் ஆனது.

ஆஸ்பத்திரியில் பொய்வலி என்று சொன்னார்கள். ஆனாலும் புதன்கிழமை வரை வைத்திருந்து பார்த்துத்தான் அனுப்பினார்கள். சம்பந்தி குறித்த நல்ல நாளிலேயே நாங்கள் விளாங்குடி வந்து சேர்ந்தோம் என்பதைப் பாண்டியம்மாள் இன்றும் சொல்லிச் சிரிப்பாள். பதினெட்டாம் நாள் பேத்தி பிறந்தாள். காசிக்குப் போய்வந்தவர் கங்கையின் அகலத்தைப் பற்றி எழுதியிருந்தார். நான் பார்த்த தண்ணீர் அதில் பாதிகூட இருக்காது. ஆனால் அதன் அடியில் எங்கே வரப்பு, எங்கே கிணறு என்று எனக்குத் தெரியும். ஒருவர் வாயால் கேட்டுக் காலால் மிதித்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைப் பற்றி ஒன்று மட்டும் பாக்கி. செல்விக்குப் பயமில்லை என்று நர்ஸ் வந்து சொன்னதும் சம்பந்தி ஊருக்குக் கிளம்பினார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாங்கள் இருவரும் நின்றோம். இருவர் வேட்டியிலும் சேறு காய்ந்து பொரிந்திருந்தது. வயலைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வேட்டியில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"சம்மந்தி, ஒண்ணு கேக்குறேன்" என்றார் அவர். "நேத்து எத்தனை மணிக்கு எங்க வீட்டுக்கு வந்தீக?"

"மூணு மணி இருக்கும்."

"எத்தனை மணிக்குக் கத்துனீக?"

"அஞ்சு இருக்குமா?"

"ரெண்டு மணி நேரம் அதிரசம் தின்னுக்கிட்டு இருந்திருக்கீக. கரை அதுக்குள்ள போயிருந்தா?" தொண்டையைச் செருமிக்கொண்டார். "இனிமே எங்க வீட்டுக்கு வந்தா, வந்த வாசல்லயே கத்துங்க. நான் கோவிச்சுக்கிட்டாலும் கத்துங்க. சரியா?"

நான் தலையாட்டினேன்.

"பாத்தீகளா! மறுபடியும் தலையாட்டுறீக" என்றார்.

"சரி!" என்று கத்தினேன். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தி சிரித்துக்கொண்டே தண்ணீரை நோக்கி நடந்தார்.

விளாங்குடி,
12-2-1984, ஞாயிற்றுக்கிழமை.